வரப்பில் ஃபோகஸ் நிற்காது

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மரக்காணம் வந்துவிட்டதை ஊர்ப்பலகை சொல்ல வேண்டியதில்லை. சவுக்குத் தோப்புகள் விலகி, தரை திடீரென்று பளீரிடும். பாத்தி பாத்தியாகத் தேங்கிய உவர்நீர், இடையிடையே வரப்பு, வரப்போரம் வாரிக் குவித்த உப்பு, அப்பால் ஓலையோ தார்ப்பாயோ போர்த்திய அம்பாரங்கள். ஆந்திரத்திலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் முடிவது இந்த ஊரில்தான். கேமரா வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைச் சும்மா கடந்து போவது அபூர்வம். ஆனால் எல்லாவற்றையும் தானியங்கி எஸ்.எல்.ஆர். கேமராவின் பொறுப்பில் விட்டு எடுத்த படத்தை வீட்டுக்கு வந்து பார்த்தால், நேரில் கண்ணைக் கூச வைத்த வெண்மை அழுக்குச் சாம்பலாக இருக்கும். உப்புத் தட்டைத் தலையில் சுமந்து வந்த பெண்ணின் முகம் கரிய நிழலாக இருக்கும். கேமராவில் பழுது எதுவும் இல்லை. தனக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கை அது பிசகாமல் போட்டிருக்கிறது. அந்தக் கணக்கை மனிதர் தம் கையில் எடுத்துக்கொள்ளும்போது என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, கையால் இயக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா நல்ல கருவி. உப்பளம் அதற்கேற்ற நல்ல பள்ளிக்கூடம். எஸ்.எல்.ஆரிலிருந்து இந்தக் கேமராவுக்கு மாறுகிறவர்கள் படும் சிரமம் விரல்களின் சிரமம் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். மூன்று வளையங்களையும் ஒரு நெம்புகோலையும் விரல்கள் ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாமல் அடம்பிடிப்பது மனம்தான். பார்த்த பிறகு தீர்மானிப்பது என்ற வழக்கத்தை விட்டு, தீர்மானித்த பிறகு பார்ப்பது என்ற வரிசைக்கு அது வர வேண்டியிருக்கிறது.

முதலில் வெளிச்சம். எஸ்.எல்.ஆருக்குள் இருக்கும் ஒளிமானி, பொருளின் மேல் பட்டுத் திரும்பி வரும் ஒளியை மட்டுமே அறியும். எதிரே இருப்பது உப்பா, எருமையா என்பது அதற்குத் தெரியாது. அதனால் உலகம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருக்கிறது, விழும் ஒளியில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது என்ற அனுமானத்தில் அது இயங்குகிறது. தெருவுக்கும் தோப்புக்கும் கல்யாண மண்டபத்துக்கும் இந்த அனுமானம் பெரும்பாலும் சரிப்பட்டு வரும். உப்பளத்தில் சரிப்படாது. சட்டத்தின் முக்கால் பங்கை வெள்ளை நிரப்பும்போது, ஒளிமானி அதை 'வெளிச்சம் அதிகமான சாம்பல்' என்று எடுத்துக்கொண்டு, தேவையைவிட ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளியைக் குறைத்துவிடும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). கையால் இயக்கும் பழைய கேமராக்காரர் திரும்பி வரும் ஒளியைக் கேட்பதில்லை. விழும் ஒளியைக் கணக்கில் எடுக்கிறார். மேகமில்லாத பகலில் அபர்ச்சர் எஃப்/16, ஷட்டர் வேகம் பிலிமின் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்கு நெருக்கமான பின்னம், அதாவது 100 ஐ.எஸ்.ஓ. பிலிமுக்கு 1/125 நொடி என்பது அவருடைய வாய்ப்பாடு. சூரியன் எல்லார் மேலும் ஒரே அளவில்தான் விழுகிறது. உப்பு வெள்ளையாகவே வரும், கறுத்த ஈர மண் கறுப்பாகவே வரும், கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் எண் மாறாது. பனிவெளி, கடற்கரை மணல் போன்ற இடங்களில் இன்னும் ஒரு ஸ்டாப் குறைத்து எஃப்/22 வைக்கச் சொல்வது பழைய வழக்கம். உப்புப் பரப்பே படத்தின் பொருளானால் அது நல்ல யோசனை. ஆட்களின் முகம் முக்கியம் என்றால் எஃப்/16 போதும். நெகட்டிவ் பிலிம் சற்று அதிக ஒளியைப் பொறுத்துக்கொள்ளும்.

எதிர்வெயிலில் நிற்கும் ஆளை எடுக்கும்போது நிழல் பக்கத்துக்காக இரண்டு ஸ்டாப் திறக்க வேண்டும் என்பதும் வாய்ப்பாட்டின் ஒரு பகுதி. இங்கே உப்பளம் ஒரு சலுகை தருகிறது. தரையே பெரிய ரிஃப்ளெக்டராக இருந்து, கீழிருந்து முகத்துக்கு ஒளியை ஏற்றிக் கொடுக்கிறது. கல்யாண வீட்டில் போட்டோகிராபரின் உதவியாளர் வெள்ளைத் தகட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அந்த வேலையை இங்கே ஏக்கர் கணக்கில் பாத்திகள் செய்கின்றன. ஆகவே ஒரு ஸ்டாப் திறந்தாலே பெரும்பாலும் போதும். இதே ஒளிதான் காலையிலிருந்து அங்கே உழைக்கிறவர்களின் கண்ணை வருத்துகிறது என்பதையும் படம் எடுக்கப் போகிறவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி தொலைவு. ரேஞ்ச்ஃபைண்டர் என்ற சொல்லுக்கே தொலைவு காணும் கருவி என்றுதான் பொருள். அது தொலைவைக் காணும் முறை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் மேட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். அடிக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு புள்ளியைப் பார்த்துக் கோணங்களை அளந்தால், அந்தப் புள்ளிக்குப் போகாமலே அதன் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். இந்தியாவை அளந்த மாபெரும் முக்கோண அளவீடு அங்கிருந்துதான் கிளைத்தது. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவின் நெற்றியில் இரண்டு சின்ன ஜன்னல்கள் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். லைக்கா எம் வகைக் கேமராக்களில் அவற்றுக்கு இடையிலான அடிக்கோடு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். மனிதரின் இரு கண்களுக்கு இடையிலான தூரத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். மூன்று மீட்டரில் நிற்கும் ஆளை இரண்டு ஜன்னல்களும் பார்க்கும் கோணங்களின் வேறுபாடு 1.3 பாகை, முப்பது மீட்டரில் அது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். லென்ஸைத் திருகும்போது அதன் பின்புற விளிம்பு ஒரு சின்ன உருளையைத் தள்ளுகிறது. அந்த உருளை உள்ளேயிருக்கும் ஆடியையோ பட்டகத்தையோ மிக நுட்பமாக அசைக்கிறது. வியூஃபைண்டரின் நடுவில் தெரியும் மங்கலான கட்டத்துக்குள் எதிரே உள்ள பொருள் இரட்டையாகத் தெரியும். திருகத் திருக இரண்டு உருவங்களும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றான இடம்தான் சரியான ஃபோகஸ். மின்கலம் தேவையில்லை.

எஸ்.எல்.ஆரில் பழகிய கண் இங்கே முதல் முறையாகத் தடுமாறும். எஸ்.எல்.ஆரில் ஃபோகஸ் இல்லாத பொருள் மங்கலாகத் தெரியும், ஃபோகஸ் ஆனதும் கூர்மையாகும். ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் பார்ப்பது லென்ஸின் வழியாக அல்ல, தனியான ஒரு ஜன்னல் வழியாக. அதனால் எல்லாமே எப்போதும் கூர்மையாகத்தான் தெரியும். லென்ஸின் மூடியைக் கழற்ற மறந்திருந்தால்கூட அந்த ஜன்னல் எச்சரிக்காது. கூர்மையைத் தேடுவதை விட்டு ஒன்றிணைவைத் தேடக் கண் பழக வேண்டும். அந்த ஒன்றிணைவும் எல்லாப் பொருளிலும் கிடைப்பதில்லை. இரண்டு ஜன்னல்களும் பக்கம் பக்கமாக இருப்பதால் இரட்டை உருவம் இடமும் வலமுமாகத்தான் விலகும். செங்குத்தான விளிம்பில் அந்த விலகல் பளிச்சென்று தெரியும். கிடைக்கோட்டில் தெரியவே தெரியாது. கோடு தன் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். உப்பளமோ கிடைக்கோடுகளால் ஆன நிலம்: தொடுவானம், வரப்பு, பாத்தியின் ஓரம், நீரின் மட்டம். வரப்பைக் கட்டத்துக்குள் வைத்து எவ்வளவு திருகினாலும் ஒன்றாகிவிட்டது போலவே இருக்கும், படம் மட்டும் மங்கிப் போயிருக்கும். செங்குத்தாக நிற்பவற்றைத் தேட வேண்டும்: உப்பு வாரும் பலகையின் நீண்ட மூங்கில் பிடி, மின்கம்பம், பனைமரம், நிற்கும் ஆளின் தோளிலிருந்து இறங்கும் சேலை விளிம்பு. எதுவும் கிடைக்காவிட்டால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்து வரப்பில் ஃபோகஸ் செய்துவிட்டு, மறுபடி கிடையாக்கிப் படம் எடுக்கலாம். தானியங்கி ஃபோகஸும் வெற்று வெண்மையில் பிடிமானம் இல்லாமல் முன்னும் பின்னும் தேடத்தான் செய்யும். அதற்கு ஏன் கிடைக்கவில்லை என்பது பயன்படுத்துகிறவருக்குத் தெரியாது. ரேஞ்ச்ஃபைண்டர்காரருக்குக் காரணம் தெரியும், அதனால் மாற்றும் தெரியும்.

இதுவரை சொன்னதெல்லாம் கருவியின் குணம். வரிசை மாற்றம் முழுவதுமாக விளங்குவது, ஃபோகஸே செய்யாமல் ஃபோகஸ் வைக்கும் முறையில்தான். 35 மில்லிமீட்டர் லென்ஸை எஃப்/16-இல் வைத்து, தொலைவு வளையத்தை ஏறக்குறைய இரண்டரை மீட்டரில் நிறுத்தினால், ஒன்றேகால் மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாமே ஏற்கத்தக்க கூர்மையில் வந்துவிடும். எஃப்/11 என்றால் மூன்றேமுக்கால் மீட்டரில் வளையத்தை நிறுத்த வேண்டும்; கூர்மை இரண்டு மீட்டருக்குச் சற்று முன்பே தொடங்கிவிடும். இந்தக் கணக்கை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, லென்ஸின் உடலிலேயே செதுக்கியிருக்கிறது. கேமராவை இடுப்பளவில் வைத்துக்கொண்டே வளையத்தைப் பார்த்து இதைச் செய்து முடிக்கலாம். உப்பள வெயில் எஃப்/16-ஐக் கேட்கிற வெயில் என்பதால் இந்த முறைக்கு அதைவிடத் தோதான இடம் குறைவு. தூரமும் அங்கே எண்ணக்கூடியது. நான்கு தப்படி நடந்தால் ஏறக்குறைய மூன்று மீட்டர்.

இதை வெறும் தொழில்நுட்ப வசதியாக நான் கருதவில்லை. சும்மாடு வைத்து, உப்புத் தட்டைத் தலையில் ஏற்றி, வழுக்கும் வரப்பில் வெறுங்காலோடு வருகிற பெண்ணை ஒருவர் படம் எடுக்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அனுமதி கேட்டாயிற்று, அவரும் தலையசைத்தாயிற்று. அதற்குப் பிறகு ஃபோகஸ் கிடைக்கவில்லை, வெளிச்சம் சரியில்லை, இன்னொரு முறை நடந்து வாருங்கள் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவருக்குக் கூலி சுமைக்குத்தான், நடிப்புக்கு அல்ல. வெளிச்சத்தையும் தொலைவையும் முன்பே தீர்த்து வைத்திருப்பவர் அவரை ஒரு நொடிகூட நிறுத்த வேண்டியதில்லை. அவர் அந்த இடத்துக்கு வரும்போது பொத்தானை அழுத்துவது ஒன்றுதான் பாக்கி. பாரத்தைச் சுமப்பவர் காத்திருக்கக் கூடாது, கேமரா வைத்திருப்பவர்தான் காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கும்போது எதைப் பார்க்கிறோம் என்பதிலும் வேறுபாடு உண்டு. எஸ்.எல்.ஆரின் வியூஃபைண்டர் படத்துக்குள் வரப்போவதை மட்டும் காட்டும். பொத்தானை அழுத்தும் கணத்தில் உள்ளிருக்கும் கண்ணாடி மேலே எழும்புவதால், படம் பதிவாகிற அந்தக் கணம் மட்டும் எடுப்பவர் கண்ணுக்கு இருட்டு. ரேஞ்ச்ஃபைண்டரில் கண்ணாடி இல்லை, அதனால் இருட்டும் இல்லை, படபடப்பான ஓசையும் இல்லை. படச்சட்டம் ஒளிக்கோடுகளாக நடுவில் மிதக்கும், அதற்கு வெளியேயும் உலகம் தெரியும். வரப்பின் இடது கோடியிலிருந்து ஒருவர் நடந்து வருவதைச் சட்டத்துக்குள் நுழையும் முன்பே கண்டுகொள்ளலாம்.

இந்த வரிசையில் வேலை செய்த ஒருவர் மரக்காணத்துக்கு வெகு அருகே வந்திருக்கிறார். பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாட்கள் அவை. அம்மாதம் 14-ஆம் தேதி இரவு மகரிஷி மறைந்தார். அந்த மாத இறுதியில் பிரெசோன் புதுச்சேரிக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தார். மரக்காணத்திலிருந்து அந்த இடம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பிளாஷ் விளக்கை விரும்பாத அவர் கையில் லைக்கா இருந்தது. தொலைவையும் படச்சட்டத்தையும் ஒரே ஜன்னலில் காட்டிய எம்3 சந்தைக்கு வர இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. அதற்கு முந்தைய லைக்காக்களில் தொலைவு பார்க்க ஒரு துளை, படச்சட்டம் பார்க்க வேறொரு துளை. முதலில் தீர்மானம், பிறகு பார்வை என்ற வரிசையைக் கருவியே கட்டாயமாக்கியிருந்தது. 1954-இல் எம்3 இரண்டையும் ஒரே ஜன்னலில் சேர்த்தது. 1976-இல் வந்த கேனான் ஏஇ-1 வெளிச்சக் கணக்கை ஒரு நுண்செயலியிடம் ஒப்படைத்தது. 1985-இல் மினோல்டா 7000 ஃபோகஸையும் மோட்டாரிடம் கொடுத்தது. ஒவ்வொரு படியிலும் ஒரு தீர்மானம் மனிதரிடமிருந்து நகர்ந்தது. நகர்ந்ததால் கோடிக்கணக்கானவர்கள் படம் எடுக்கக் கற்றார்கள் என்பது உண்மை, அது நல்லதும்கூட. ஆனால் எந்தத் தீர்மானம் எப்போது எடுக்கப்படுகிறது என்ற அறிவும் கூடவே நகர்ந்துவிட்டது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். தானியங்கி எஸ்.எல்.ஆரிலும் கையால் இயக்கும் நிலை உண்டே, அதில் எஃப்/16-ஐயும் 1/125-ஐயும் வைத்துக்கொண்டு போனால் என்ன, பழைய இயந்திரம் எதற்கு என்பது அது. வெளிச்சத்தைப் பொறுத்தவரை இந்த மறுப்பை நான் ஏற்கிறேன்; உப்பு சாம்பலாகாமல் இருக்க அது போதும். ஃபோகஸைப் பொறுத்தவரை போதாது. தானியங்கி ஃபோகஸுக்காகச் செய்த லென்ஸ்களில் மோட்டார் விரைவாகச் சுழற்ற வேண்டும் என்பதற்காகத் தொலைவு வளையத்தின் முழு ஓட்டத்தையும் குறுக்கியிருப்பார்கள். பலவற்றில் தொலைவு எண்களே இல்லை, கூர்மை எங்கிருந்து எதுவரை என்று காட்டும் கோடுகளும் இல்லை. கேமராவை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டரை மீட்டரில் நிறுத்த அவற்றில் வழியில்லை. இன்னொரு தடையும் உண்டு. எஸ்.எல்.ஆரின் வியூஃபைண்டர் லென்ஸை முழுதாகத் திறந்து வைத்துத்தான் காட்சியைக் காட்டுகிறது. எஃப்/16-இல் கூர்மையாக வரப்போகிற பின்னணி அதில் மங்கலாகத் தெரியும். பார்க்கிறவர் உடனே ஃபோகஸைத் தொடுவார். முன்பே எடுத்த தீர்மானத்தை மாற்றச் சொல்லி அந்தக் கருவி தூண்டிக்கொண்டே இருக்கும். ரேஞ்ச்ஃபைண்டர் அப்படித் தூண்டுவதில்லை.

வலுவான மறுப்பு வேறொன்று. இந்தக் கேமரா பலவற்றைச் செய்யவே முடியாது. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி, மரக்காணத்தை ஒட்டித்தான் இருக்கிறது. பூநாரைக் கூட்டத்தைத் தொலைவிலிருந்து எடுக்க நினைப்பவர் எஸ்.எல்.ஆரைத்தான் எடுத்துப் போக வேண்டும். ஏழு சென்டிமீட்டர் அடிக்கோடு 135 மில்லிமீட்டர் லென்ஸோடு நம்பிக்கையின் எல்லைக்கு வந்துவிடுகிறது. அந்த லென்ஸுக்கான படச்சட்டமும் வியூஃபைண்டரில் தபால்தலை அளவுக்குச் சிறுத்துவிடும். அருகே போகவும் முடியாது. பெரும்பாலான ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்கள் எழுபது சென்டிமீட்டருக்கும் ஒரு மீட்டருக்கும் இடையில் நின்றுவிடும். பாத்தியில் படியும் உப்புப் படிகத்தை நெருங்கி எடுப்பது அவற்றின் வேலை அல்ல. பார்க்கும் ஜன்னலும் பதிவு செய்யும் லென்ஸும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால், கிட்டத்தில் சட்டம் கொஞ்சம் நகர்ந்தும் போகும். கீழே விழுந்த கேமராவில் அந்தச் சின்ன ஆடி மயிரிழை பிசகினாலும் எல்லாப் படமும் பிசகும். இந்தக் குறைகளை மறைத்து ரேஞ்ச்ஃபைண்டரைப் புகழ்கிறவர்கள் புதிதாக வருகிறவர்களுக்கு நல்லது செய்யவில்லை. மனிதரும் அவர் வேலை செய்யும் இடமும் சேர்ந்து தெரிகிற தூரம், அதாவது இரண்டு முதல் பத்து மீட்டர், இந்தக் கருவியின் எல்லை. உப்பள உழைப்பு முழுவதும் அந்த எல்லைக்குள் நடக்கிறது என்பதால்தான் இதை இங்கே பரிந்துரைக்கிறேன்.

மரக்காணத்துக்கே உரிய ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். எஸ்.எல்.ஆரில் லென்ஸ் வழியே வரும் வெயிலைக் கண்ணாடி மேலே திருப்பிவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸுக்கும் ஷட்டருக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லை. பழைய லைக்கா, சோவியத் ஃபெட், ஸோர்க்கி கேமராக்களின் ஷட்டர் ரப்பர் பூசிய துணியால் ஆனது. தோளில் தொங்கும் கேமராவின் லென்ஸ் சூரியனைப் பார்த்துச் சற்று நேரம் நின்றுவிட்டால், பூதக்கண்ணாடியில் காகிதம் பொசுங்குவது போல அந்தத் துணியில் ஊசிமுனைத் துளை விழும். பிறகு ஒவ்வொரு படத்திலும் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். நிழலே இல்லாத வெளியில் இது தினமும் உள்ள அபாயம். எடுக்காத நேரத்தில் அபர்ச்சரை மூடி, லென்ஸைத் தரையைப் பார்க்க வைத்து நடப்பதே பாதுகாப்பு; மூடியைப் போட்டால் கழற்ற மறக்கும் ஆபத்து முன்பே சொன்னதுதான். உப்புக் காற்றும் உவர்நீர்த் துளியும் உலோகத்தை அரிக்கும். அன்று மாலையே ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைத்து வைப்பது தள்ளிப்போடக் கூடாத வேலை.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நேர்மையான பதில்: லைக்கா எளியவர்களுக்கு எட்டாத விலை, ஆனால் லைக்காதான் வேண்டும் என்பதில்லை. பழைய சோவியத் ஸோர்க்கி, ஃபெட் கேமராக்கள் அதே கொள்கையில் இயங்குகின்றன. அவற்றில் ஒரே ஒரு விதியை மீறக் கூடாது. பிலிமை முன்னே நகர்த்தி ஷட்டரை ஏற்றிய பிறகே வேகத்தை மாற்ற வேண்டும், முன்னதாக மாற்றினால் உள்ளிருக்கும் பற்கள் கெடும். வரிசை என்பது இங்கே இயந்திரத்தின் சட்டமாகவே இருக்கிறது. பிலிம்தான் இப்போது பெரிய செலவு. 1960-இல் உதகமண்டலத்தில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் தயாரித்துக்கொண்டிருந்தது. அந்த ஆலை இன்று இயங்கவில்லை, வருகிற பிலிமெல்லாம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 36 படங்களுக்குள் ஒரு காலையை அடக்க வேண்டும் என்ற நெருக்கடி கற்கும் காலத்தில் உதவுகிறது என்றே நினைக்கிறேன். எடுத்ததை உடனே திரையில் பார்க்க முடியாதவர், என்ன எண் வைத்தோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வார்; பிலிம் கழுவி வரும்போது காரணமும் விளைவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

மரக்காணத்தில் உப்பு வாரும் வேலை வெயிலுக்கு முந்திக்கொண்டு தொடங்கும். கடல் பக்கம் சூரியன் தலைகாட்டும்போது 1/125-க்கு எஃப்/4 போதாமலும் போகும். கொஞ்ச நேரத்தில் 5.6, பிறகு 8, பிறகு 11 என்று வளையம் ஒவ்வொரு சொடுக்காக ஏறும். நிழல் குறுகி, எஃப்/16-இல் வந்து நின்ற பிறகு அதைத் தொட வேண்டியிருக்காது. ஏறக்குறைய அந்த நேரத்தில் வாருவதும் முடிந்து, பலகைகளை வரப்பு மண்ணில் ஊன்றி நிறுத்தியிருப்பார்கள். தட்டையான அந்த வெளியில் நேராக நிற்கும் மூங்கில் பிடிகளில், மங்கல் கட்டத்துக்குள் இருக்கும் இரட்டைக் கோடு ஒரு சிறு திருகலிலேயே ஒன்றாகிவிடும்.